மழைக்குப் பிறகு மொட்டைமாடி நோடு பேசவில்லை: கோளாறு ஃபர்ம்வேரிலா, பேட்டரியிலா?

#1 கெடிலக்கரை

எல்லாருக்கும் வணக்கம். கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு மெஷ்டாஸ்டிக் நோடு (டவர் இல்லாமல் ரேடியோவிலேயே குறுஞ்செய்தியைக் கைமாற்றும் குட்டிப் பலகை) வைத்திருக்கிறேன் என்று முன்பே எழுதியிருந்தேன். அது ஆறு நாளாக ஊமையாகிவிட்டது. பலகை ராக் 4631. ஒரே ஒரு 18650 செல், உள்ளங்கை அளவு சோலார் பேனல், பிளாஸ்டிக் டப்பா. அவ்வளவுதான்.

ஐப்பசி அடைமழையில் நான்கு நாள் வெயில் எட்டியே பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் நல்ல வெயில் அடித்தது, துணியெல்லாம் காய்ந்துவிட்டது, நோடு மட்டும் வரவில்லை. தேவனாம்பட்டினம் நோடும் ரெட்டிச்சாவடி நோடும் ஒன்றையொன்று கேட்கின்றன. என்னுடையதை யாருக்கும் கேட்கவில்லை. வீட்டுக்குள்ளிருந்து ரிமோட் அட்மின் (ரேடியோவிலேயே நோடின் அமைப்பை மாற்றும் வசதி) வழியாகக் கூப்பிட்டுப் பார்த்தேன், பதிலே இல்லை.

வங்கக்கடலில் அடுத்த தாழ்வுப் பகுதி உருவாவதற்குள் சரிசெய்ய வேண்டும். என்ன பார்க்கலாம்?

#2 தேங்காய்த்திட்டு

மழைக்காலத்துக்கு முன்னால் ஃபர்ம்வேரில், அதாவது பலகைக்குள் ஓடும் நிரலில், கை வைக்காதீர்கள் என்று புரட்டாசியிலேயே சொன்னேன். யார் கேட்டார்கள்? புது வெர்ஷன் வந்ததும் ஓடிப்போய் ஏற்றினால் இதுதான். நான் இன்னும் பழையதையே ஓட்டுகிறேன், ஒரு தொந்தரவும் இல்லை.

#3 கெடிலக்கரை

அண்ணே, ஏற்றி இரண்டு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு நன்றாகத்தான் ஓடியது. பாண்டியிலிருந்து நீங்கள் அனுப்பிய தேர்த்திருவிழாச் செய்திகூட அதன் வழியாகத்தான் எனக்கு வந்தது.

#4 ஈயப்பற்று

தம்பி, இங்கே உட்கார்ந்து ஜோசியம் பார்க்க முடியாது. மாடிக்கு ஏறிப் பார்த்துவிட்டு நான்கு விஷயம் சொல்லுங்கள். எல்இடி சிமிட்டுகிறதா? செல்லில் எத்தனை வோல்ட்? போனில் புளூடூத் தேடினால் அந்த நோடு என்ன பெயரில் தெரிகிறது? ஆன்டெனா கனெக்டரைக் கழற்றினால் உள்ளே பச்சை பூத்திருக்கிறதா?

கடைசிக் கேள்வி முக்கியம். நம்ம ஊர் உப்புக்காற்றுக்குப் பித்தளை தாங்காது. துறைமுகப் பக்கம் வைத்த ஒரு நோடை ஒரு வருஷம் கழித்துத் திறந்தேன், எஸ்எம்ஏ கனெக்டரின் நடு ஊசி பச்சையாக இருந்தது. ஃபர்ம்வேரை இரண்டு தடவை மாற்றிய பிறகுதான் அதைப் பார்த்தேன் என்பது வேறு விஷயம்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். ஆன்டெனாவைக் கழற்றுவதற்கு முன் செல்லைக் கழற்றுங்கள். ஆன்டெனா இல்லாமல் அனுப்பினால் ரேடியோவின் பவர் பகுதி போய்விடலாம்.

#5 கெடிலக்கரை

ஏறிப் பார்த்துவிட்டேன். அம்மா கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

எல்இடி சிமிட்டுகிறது. செல் 3.9 வோல்ட். கனெக்டர் சுத்தமாக இருக்கிறது, மேலே சுற்றிய ரப்பர் டேப் வேலை செய்திருக்கிறது. ஆனால் புளூடூத்தில் நான் வைத்த பெயர் இல்லை. ‘மெஷ்டாஸ்டிக்’ என்று போட்டு, பக்கத்தில் நான்கு எழுத்தும் எண்ணுமாக ஏதோ வருகிறது. என் பின் எண்ணைப் போட்டால் ஏற்கவில்லை. சும்மா 123456 போட்டுப் பார்த்தேன், திறந்துவிட்டது! உள்ளே சேனல் இல்லை, அட்மின் சாவி இல்லை, ரீஜன் என்ற இடத்தில் ‘அன்செட்’.

கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே இருக்கிறது. யாராவது புளூடூத் வழியாக உள்ளே நுழைந்து அழித்துவிட்டார்களா?

#6 வில்லியனூர் பக்கம்

யாரும் நுழையவில்லை. அது தன்னைத்தானே அழித்துக்கொண்டது.

ராக் பலகையில் அமைப்புகள் எல்லாம் சிப்பின் உள் ஃபிளாஷ் நினைவகத்தில் லிட்டில்எஃப்எஸ் என்ற குட்டிக் கோப்பு முறையில் இருக்கும். சேனல், பெயர், சாவி, கேட்ட நோடுகளின் பட்டியல் எல்லாம் அங்கேதான். நோடு ஓடும்போது அவ்வப்போது அதில் எழுதும். செல் வறண்டு வோல்டேஜ் இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் எழுதினால் பாதி எழுத்தில் கரண்ட் போய்விடும். கோப்பு முறை குலைந்துவிடும்.

அதற்கப்புறம் நடப்பதுதான் கொடுமை. இந்தச் சிப்புக்கு அடாஃப்ரூட் நிறுவனம் எழுதிய நிரல் நூலகத்தில் தொடக்கத்தில் ஒரு சோதனை உண்டு. கோப்பு முறை மவுண்ட் ஆகிறதா, அதாவது ஒழுங்காகத் திறக்கிறதா என்று பார்க்கும். ஆகவில்லை என்றால் எல்லா செக்டரையும் அழித்து, புதிதாக ஃபார்மேட் செய்து, மறுபடி மவுண்ட் செய்யும். நிரலைப் பொறுத்தவரை எல்லாம் சுபம். நோடு பிறந்த குழந்தை மாதிரி கண் விழிக்கும். ரீஜன் இல்லாத நோடு எந்த அலைவரிசையில் பேசுவது என்று தெரியாமல் ரேடியோவில் ஒரு பைட்கூட அனுப்பாது. அதனால்தான் எல்இடி சிமிட்டியும் யாருக்கும் கேட்கவில்லை. ரிமோட் அட்மின் பதில் தராததும் இதனால்தான்.

நான்கு நாள் மழையில் அது ஒரு தடவை மட்டும் அணைந்திருக்காது. செல் லேசாக மீண்டதும் பலகை எழும், எழுந்ததும் கரண்ட் இழுக்கும், வோல்டேஜ் விழும், மறுபடி அணையும். மேகம் கலைந்து கலைந்து மூடும் ஒரு மதியத்தில் இது நூறு தடவை நடந்திருக்கலாம். அதில் ஒரு தடவை எழுதும் நேரத்தில் சிக்கினால் போதும்.

#7 தேங்காய்த்திட்டு

ஆக ஃபர்ம்வேர் கோளாறுதான். நான் சொன்னது சரி.

#8 வில்லியனூர் பக்கம்

நீங்கள் சொன்னது புது ஃபர்ம்வேர் கோளாறு என்று. இந்த நடத்தை பழையதிலும் உண்டு. உங்கள் நோடு கரண்ட் பிளக்கில் இருக்கிறது, அதனால் தெரியவில்லை.

#9 ஈயப்பற்று

சண்டை வேண்டாம். நிரலில் பத்து வரி மாற்றினாலும் வறண்ட செல் வறண்ட செல்தான். இதற்கு மருந்து ஈயப்பற்று வைத்துச் செய்யும் வயரிங் வேலையில் இருக்கிறது. வோல்டேஜ் இறங்கினால் பலகையை முழுசாக வெட்டிவிட வேண்டும். திரும்ப இணைப்பது கொஞ்சம் மேலே ஏறிய பிறகுதான். 3.0-இல் வெட்டினால் 3.4-இல் சேர்க்கட்டும். அந்த இடைவெளி இல்லாத பாதுகாப்புப் பலகை இருந்தும் பயனில்லை, எழுவதும் விழுவதுமாகவே இருக்கும். செல்லை ஒன்றுக்கு இரண்டாக இணையாகப் போடுங்கள். இரண்டும் ஒரே வோல்டில் இருக்கும்போது மட்டும் சேருங்கள்.

பேனலை எப்படி வைத்திருக்கிறீர்கள்? தட்டையாகவா?

#10 கெடிலக்கரை

தட்டையாகத்தான். காக்கை வேறு உட்காருகிறது.

#11 ஈயப்பற்று

அதானே பார்த்தேன். கடலூர் ஏறக்குறைய 11.7 டிகிரி வடக்கில் இருக்கிறது. மார்கழியில் உச்சி வெயில்கூடத் தெற்கே 55 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். பேனல் தெற்கு பார்த்து இருபது இருபத்தைந்து டிகிரி சாய்ந்திருந்தால் மழைக்கால வெயிலையும் கொஞ்சம் பிடிக்கும். எச்சமும் உப்புப் படலமும் மழையில் வழிந்து போகும். காக்கைக்கும் வழுக்கும்.

#12 கெடிலக்கரை

சரி அண்ணே, சாய்த்துவிடுகிறேன். இப்போது ரீஜனை இந்தியா என்று வைத்துச் சேனலைத் திரும்பப் போட்டால் போதுமா, முழுசாக அழித்து ஃபிளாஷ் செய்ய வேண்டுமா?

#13 வில்லியனூர் பக்கம்

ஃபார்மேட் நன்றாக முடிந்திருந்தால் முதலாவது போதும். நான் இரண்டாவதைத்தான் செய்வேன். அடுத்த மழையில் மறுபடி ஏணி ஏறுவதைவிட இன்று அரை மணி நேரம் செலவழிப்பது மேல்.

பலகையை லேப்டாப்பில் செருகி ரீசெட் பொத்தானை இரண்டு தடவை டக் டக் என்று தட்டுங்கள். பென்டிரைவ் மாதிரி ஒரு டிரைவ் வரும். வரவில்லை என்றால் முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள். வீட்டில் கிடக்கும் கேபிள்களில் பாதி சார்ஜுக்கு மட்டும்தான், உள்ளே டேட்டா கம்பியே இருக்காது.

டிரைவ் வந்ததும் எதையும் போட அவசரப்படாதீர்கள். உள்ளே இன்ஃபோ என்று தொடங்கும் உரைக்கோப்பைத் திறந்து சாஃப்ட்டிவைஸ் (சிப்பின் புளூடூத் நிரல்) எண் என்ன என்று பாருங்கள். ராக்கில் வழக்கமாக 6.1.1. வேறு சில பலகைகளில் 7.3.0. அழிக்கும் யூஎஃப்2 கோப்பு (அந்த டிரைவில் இழுத்துப் போடும் வகை) இரண்டுக்கும் தனித்தனி. சரியானதை இழுத்துப் போட்டுவிட்டு லேப்டாப்பில் ஒரு சீரியல் மானிட்டரை (பலகை கேபிள் வழியே அனுப்பும் எழுத்தைக் காட்டும் நிரல்) திறந்து வையுங்கள். அதைத் திறந்தால்தான் அழிப்பு முடியும். பலர் இங்கேதான் அரை மணி நேரம் காத்திருந்து பலகை செத்துவிட்டது என்று எழுதுகிறார்கள். அப்புறம் மறுபடி இரண்டு தட்டு, மறுபடி டிரைவ், இப்போது உங்கள் பலகைக்கான ஃபர்ம்வேர் யூஎஃப்2. முடிந்தது.

இது ராக் மாதிரி என்ஆர்எஃப் சிப் உள்ள பலகைக்கு மட்டும். ஹெல்டெக் மாதிரி ஈஎஸ்பி32 பலகை வைத்திருப்பவர்கள் குரோம் உலாவியில் வெப் ஃபிளாஷரைத் திறந்து அதன் வழியே போங்கள். அங்கே ‘அப்டேட்’ வேறு, ‘முழு அழிப்புடன் நிறுவு’ வேறு. முதலாவதில் சேனல் தங்கும், இரண்டாவதில் தங்காது. ஹெல்டெக் வி2-வும் வி3-யும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் சிப்பும் வேறு, ரேடியோவும் வேறு. வி2-வில் எஸ்எக்ஸ்1276, வி3-யில் எஸ்எக்ஸ்1262. ஒன்றின் கோப்பு மற்றதில் ஓடாது.

#14 கெடிலக்கரை

அக்கா, ஆகஸ்டில் எடுத்த பேக்கப் கோப்பு ஒன்று இருக்கிறது. எக்ஸ்போர்ட் கட்டளை கொடுத்து எடுத்த யாமல் கோப்பு, அமைப்புகள் எல்லாம் உரையாக இருக்கும். அதை அப்படியே ஏற்றிவிடலாமா? பழைய சாவியும் அதிலேயே இருக்கிறது.

#15 வில்லியனூர் பக்கம்

ஏற்றலாம், ஒரு நிபந்தனையோடு. அந்தச் சாவி எந்த வெர்ஷனில் பிறந்தது?

நேரடிச் செய்தியைப் பூட்டத் தனிச்சாவி (நமக்கு மட்டும்), பொதுச்சாவி (எல்லாருக்கும்) என்ற முறை ஃபர்ம்வேர் 2.5-இல் வந்தது. 2025-இல் அதில் ஒரு பெரிய ஓட்டை வெளியே வந்தது. சில தயாரிப்பாளர்கள் ஒரு பலகையில் ஃபர்ம்வேரை ஓடவிட்டு, அந்த நிலையை அப்படியே படியெடுத்து எல்லாப் பலகையிலும் ஏற்றி விற்றிருக்கிறார்கள். சாவியும் சேர்ந்து படியானது. நூறு வீட்டுக்கு ஒரே பூட்டு, ஒரே சாவி. போதாததற்குச் சில சிப்களில் சாவி உருவாக்கும்போது தேவையான தற்செயல் எண்களும் சரியாகக் கலக்கப்படவில்லை. 2.6.11-இல் திருத்தினார்கள். பயனர் முதன்முதலாக ரீஜன் வைக்கும்போதுதான் சாவி பிறக்கும் என்று மாற்றினார்கள். கடைக்காரர் என்ன படியெடுத்தாலும் இனி சாவி படியாகாது.

அதனால் உங்கள் சாவி 2.6.11-க்கு முந்தையது என்றால் யாமல் கோப்பில் பாதுகாப்புப் பகுதியை நீக்கிவிட்டு மற்றதை மட்டும் ஏற்றுங்கள்.

#16 தேங்காய்த்திட்டு

ஒரு நிமிஷம். நான் ஆன்லைனில் ஒரே கடையில் இரண்டு பலகை வாங்கினேன், ஃபர்ம்வேர் ஏற்றியே வந்தது. இப்போது இரண்டின் பொதுச்சாவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். முதல் எழுத்திலிருந்து கடைசி வரை ஒன்றேதான்.

என் தங்கைக்கு ஒன்று கொடுத்து ‘இது நமக்கு மட்டும்’ என்று சொல்லி வைத்திருந்தேன்.

#17 ஈயப்பற்று

பழையதையே ஓட்டுகிறேன், ஒரு தொந்தரவும் இல்லை என்று யாரோ இரண்டாம் பதிவில் எழுதியிருந்தார்களே.

#18 தேங்காய்த்திட்டு

சரி சரி. இன்று ராத்திரியே இரண்டையும் அழித்து ஏற்றுகிறேன்.

#19 வில்லியனூர் பக்கம்

ஏற்றிய பிறகு ஒன்று நடக்கும், பயப்படாதீர்கள். உங்கள் பழைய பொதுச்சாவியை மற்றவர்களின் நோடுகள் நினைவில் வைத்திருக்கும். புதுச் சாவியோடு நீங்கள் வந்ததும் ஆப்பில் சிவப்புச் சாவிப் படம் காட்டும், நேரடிச் செய்தி போகாது. ஆள்மாறாட்டமோ என்று அது சந்தேகப்படுகிறது, நியாயம்தான். உங்களைத் தெரிந்தவர்கள் பட்டியலிலிருந்து உங்கள் நோடை நீக்கினால் அடுத்த அறிமுகத்தில் புதுச் சாவி சேர்ந்துவிடும். கெடிலக்கரைக்கும் இது பொருந்தும்.

#20 பெண்ணையாறு

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். நோடு வரைபடத்தைப் பார்த்தால் ஏழு பேர் வீட்டு நோடை ரூட்டர் என்று வைத்திருக்கிறீர்கள். ஜன்னலோரம் இருக்கும் நோடுக்கு எதற்கு ரூட்டர்?

மெஷ்டாஸ்டிக்கில் ஒரு செய்தியைக் கேட்ட நோடு உடனே திருப்பிச் சொல்லாது. கொஞ்சம் காத்திருக்கும். சிக்னல் பலவீனமாகக் கேட்டவர், அதாவது தூரத்தில் இருப்பவர், முதலில் பேச வேண்டும், அருகில் இருப்பவர் அதைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. ரூட்டர் என்று வைத்தால் இந்த வரிசையை மீறி முந்திக்கொண்டு பேசும். செய்தி பக்கத்துத் தெருவிலேயே ஒரு தாவலை (நோடிலிருந்து நோடுக்குக் கைமாறுவது) செலவழித்துவிடும். இயல்பாகத் தாவல் மூன்றுதான், அதிகபட்சம் ஏழு. முதுநகரிலிருந்து பாண்டிக்குப் போக வேண்டிய செய்தி மஞ்சக்குப்பத்தைத் தாண்டாமல் சாவது இதனால்தான். கல்யாணப் பந்தியில் முன்வரிசைக்காரர்களே மூன்று தடவை பாயசம் வாங்கிக்கொண்டால் கடைசி வரிசைக்கு வாளிதான் வரும்.

ரெட்டிச்சாவடி நோடு ஒன்று ரூட்டராக இருக்கட்டும். மற்றவர்கள் கிளையன்ட் என்ற சாதாரண நிலைக்கு மாறுங்கள்.

#21 கெடிலக்கரை

நேராகவே பாண்டிக்கு எட்டாதா? இருபது சொச்சம் கிலோமீட்டர்தானே, நடுவில் மலைகூட இல்லை.

#22 பெண்ணையாறு

மலை இல்லை, பூமி இருக்கிறது. பத்து மீட்டர் உயரத்து மாடிக்கு ரேடியோ அடிவானம் 13 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்தால் 26, கணக்கில் தொடுகிறது. ஆனால் அலை நூல் பிடித்த மாதிரி போவதில்லை. 866 மெகாஹெர்ட்ஸில் 22 கிலோமீட்டர் இணைப்புக்கு நடுவழியில் ஃபிரெனல் வளையத்தின் (அலை தடையில்லாமல் போகத் தேவையான வெளி) ஆரம் 44 மீட்டர் வரும். அந்த வளையத்துக்குள் பூமியின் மேடும் தென்னந்தோப்பும் சவுக்குத் தோப்பும் நிற்கின்றன. ஈரத் தென்னையை ஊடுருவுவது கஷ்டம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் உரிமம் இல்லாமல் பேச 865 முதல் 867 வரை 2005-இல் திறந்துவிட்டார்கள். 1 வாட் அனுப்பலாம், ஆனால் அலைவரிசை அகலம் 200 கிலோஹெர்ட்ஸுக்குள். ‘லாங் ஃபாஸ்ட்’ என்ற வேக அமைப்பு 250 எடுத்துக்கொள்ளும். ‘லாங் மாடரேட்’ 125 தான். வேகம் மூன்றில் ஒன்றாகிவிடும், ஆனால் தூரம் கூடும், விதிக்கும் உட்பட்டது. எல்லாரும் ஒரே நாளில் மாற வேண்டும். மாற்றும்போது தூரத்து நோடிலிருந்து தொடங்குங்கள். பக்கத்தில் இருப்பதை முதலில் மாற்றிவிட்டால் தூரத்தில் இருப்பதைக் கூப்பிட ஆளிருக்காது.

#23 கெடிலக்கரை

ஞாயிற்றுக்கிழமை மாறலாமா? எனக்கு வேகம் பெரிதில்லை. தானே புயலின்போது, 2011 டிசம்பர் 30, நான் பள்ளிக்கூடப் பையன். பண்ருட்டிப் பக்கம் இருந்த மாமா உயிரோடு இருக்கிறாரா என்று தெரிய இரண்டு நாள் ஆனது. 2024-இல் ஃபெஞ்சல் அன்று பாண்டியில் 45 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அடுத்தடுத்த நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் பெண்ணையாற்றில் வந்தபோது டவர் இருந்தும் கரண்ட் இல்லை. ‘தண்ணீர் வருது’ என்ற இரண்டு சொல் போனால் போதும்.

#24 நள்ளிரவு கம்பைலர்

அந்த இரண்டு சொல் 37 பைட். தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட், புள்ளியும் துணைக்காலும் தனித்தனியாக எண்ணப்படும். ஒரு செய்திக்கு இருநூறு பைட் என்றால் அறுபத்தாறு குறிதான். குறும்பெயருக்கு நான்கே பைட்! ‘க’ நுழையும், ‘கா’ நுழையாது. அதனால்தான் என் நோடுகளுக்கு க1, க2 என்று பெயர்.

இதைவிட எரிச்சல் திரை. போனில் தமிழ் அழகாக வரும். பலகையின் ஓலெட் திரையில் பார்த்தால் ஒரு சொல்லுக்கு ஒரு தலைகீழ்க் கேள்விக்குறி. நிரலைப் பார்த்தேன். தெரியாத எழுத்து வந்தால் அந்தக் குறியைத் திருப்பிக் கொடு, தொடர்ந்து வருவதையெல்லாம் விழுங்கிவிடு என்று எழுதியிருக்கிறார்கள். ரஷ்யன், உக்ரைனியன், போலிஷ், செக் மொழிகளுக்குக் கம்பைல் செய்யும்போது அதற்கான அமைப்பை மாற்றினால் எழுத்துரு வரும். தமிழுக்கு இல்லை. புயலில் போன் செத்த பிறகு திரைதானே மிச்சம்?

#25 வில்லியனூர் பக்கம்

ரஷ்யனுக்கு எளிது, ஓர் எழுத்து ஒரு படம். நமக்குக் ‘கொ’ என்று எழுதினால் கொம்பு முன்னால், கால் பின்னால், க நடுவில். சேமிப்பில் க முதலில். அந்தத் திரை நூலகத்தின் எழுத்துரு அட்டவணை 8 பிட், அதாவது மொத்தம் 256 இடம்தான். இதையெல்லாம் அதில் எப்படிச் செய்வது?

#26 நள்ளிரவு கம்பைலர்

நம் பெரியவர்கள் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார்கள். தஸ்கி (TSCII), யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துக் குறியீடு! 1990களில் தமிழை இணையத்தில் ஏற்றியவர்கள் இதே 8 பிட் சிறைக்குள்தான் இருந்தார்கள். கீழ்ப்பாதியில் ஆங்கிலம், மேல்பாதியில் தமிழ். கு, கூ, சு, சூ எல்லாம் தனித்தனிப் படம். கொம்பை முன்னால், கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுதுவார்கள். ரேடியோவில் யூனிகோடாகவே போகட்டும், திரையில் வரையும் நேரத்தில் மட்டும் தஸ்கியாக மாற்றினால் அந்த அட்டவணையில் அப்படியே உட்காரும். மாற்றும் நிரல் நூறு வரிகூட இருக்காது. 10 பிக்சல் உயரத்தில் ‘ணை’யும் ‘னை’யும் ஒன்றாகிவிடுகின்றன, 16 வேண்டும். திரையில் மூன்று நான்கு வரிதான் கிடைக்கும். பரவாயில்லை.

#27 ஈயப்பற்று

எங்கள் கடைப் பழைய கம்ப்யூட்டரில் தஸ்கி எழுத்துரு இன்னும் இருக்கிறது. பையன் அழிக்கச் சொன்னான், நான் விடவில்லை. வேண்டுமா?

#28 கெடிலக்கரை

நோடு வந்துவிட்டது! அழித்து, ஏற்றி, சாவிப் பகுதியை நீக்கிய யாமலைப் போட்டு, இரண்டு செல், வெட்டும் பலகை, தெற்குச் சாய்வு எல்லாம் முடித்தேன். சாஃப்ட்டிவைஸ் 6.1.1 தான். கேபிள் விஷயத்தில் அக்கா சொன்ன மாதிரியே முதல் இரண்டு கேபிளும் உதவவில்லை, மூன்றாவது பக்கத்து வீட்டுக்காரருடையது. ரெட்டிச்சாவடி கேட்கிறது, அதன் வழியே தேங்காய்த்திட்டு கேட்கிறது. ஞாயிறு காலை பத்து மணிக்கு எல்லாரும் லாங் மாடரேட். பாண்டிக் கோடியிலிருந்து தொடங்குவோம்.

#29 தேங்காய்த்திட்டு

என் இரண்டு பலகையும் புதுச் சாவியோடு தயார். இந்தத் தடவை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டேன், வேறு வேறு. ரூட்டரையும் கிளையன்ட் ஆக்கிவிட்டேன், பெண்ணையாறு சார் திருப்திதானே?

#30 நள்ளிரவு கம்பைலர்

மணி இரண்டரை. திரையில் முதன்முதலாகக் ‘கடலூர்’ வந்துவிட்டது. ‘லூ’ மட்டும் இரண்டு பிக்சல் கீழே இறங்கி நிற்கிறது. ஈயப்பற்று அண்ணே, அந்த எழுத்துருவை அனுப்புங்கள், நாளைக்கு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.